மாமா சுமந்த மொட்டைக் கடிதம்

ஓய்வுபெற்ற தபால் ஊழியர் சங்கம் என் மாமனாருக்காக ஒரு கூட்டம் நடத்தி, நினைவு மலரும் போடுகிறது. வாழ்க்கைக் குறிப்பு நான்கு பக்கம் வேண்டும் என்று இருவர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அத்தை யோசிக்கவே இல்லை. "மருமக எழுதுவா. படிச்சவ. அவரைப் பத்தி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றார். வந்தவர்கள் பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி மூன்றையும் கட்டாயம் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நடுவில் இன்னொரு தேதியும் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்தேழு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா இருபது வயதில் தபால் துறையில் சேர்ந்தார். முதலில் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாம்பு கிழித்துக் கொடுப்பதில் மூன்றே வாரத்தில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அதிகாரியிடம் போய், "ஐயா, கால் சும்மா இருக்க மாட்டேங்குது. வீடு வீடாப் போற வேலை கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் நாற்காலி கேட்டு வந்து நிற்கிற அறையில் ஒருவர் நாற்காலி வேண்டாம் என்றதும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். "ஏம்பா, கவுன்டர்ல யாரோடயாவது சண்டையா?"

அவருக்குக் கிடைத்தது யாருக்கும் பிடிக்காத சுற்று. ஏரிக்கரை, கல்குவாரிக் குடியிருப்பு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஏறும் மேட்டுத் தெரு. ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர். சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். "சைக்கிள்ல போனா பாதி கண்ணுல படாம போயிடும்" என்பார். குடை வைத்திருந்தார், ஆனால் அது கடிதங்களுக்கு. அவர் நனைவார், பை நனையாது. அலுவலகத்தில் அவருக்கு 'வெயில்' என்று பட்டப்பெயர். நிழலில் நிறுத்தினால் வாடிவிடுவார் என்று கிண்டல்.

அந்தச் சுற்றில் முப்பத்திரண்டு வருடம் நடந்தார். சாவுச் செய்தி வந்தால் நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் என்கூட வர்றீங்களா" என்று ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போவார். கடிதத்துக்காக வாசலில் காத்து நிற்கிறவர்களை அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றால் தெருமுனையிலிருந்தே கையை உயர்த்திக் காட்டுவார். நின்று கால் கடுக்க வேண்டாம், உள்ளே போய் வேலையைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

அப்படி வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். அப்போது அவர் எனக்குத் தபால்காரர், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று விண்ணப்பமாவது எங்கள் தெரு தபால் பெட்டியில் போடுவேன். பெட்டியைத் திறந்து எடுப்பவரும் அவர்தான். "இன்னைக்கும் உங்க ஆபீசுக்காரங்களுக்குத் தூக்கம் தெளியலம்மா" என்று சிரித்துக்கொண்டே போவார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், வியர்த்து விறுவிறுக்க வந்து நின்றார். அது அவர் வருகிற நேரமே இல்லை. கையில் ஒரு பழுப்பு உறை. "நீங்க எதிர்பார்த்தது இதுதானே?" என்று நீட்டினார். பிரித்தேன். பெரிய நூலகத்தில் உதவியாளர் வேலை, நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேதி முந்தின நாள்.

"நேத்து வந்திருக்க வேண்டியது இது!" என்று கத்தினேன். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் கடிதத்தை எட்டிப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

தப்பு செய்தவர்தான் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த வயது அது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு பேருந்திலிருந்து அவரைப் பார்த்திருந்தேன். ஏரிக்கரைப் பாறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையைப் பக்கத்தில் வைத்து, தண்ணீரில் இறங்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவரைக் கத்திய அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் பகுதித் தபால்காரர் பணி நேரத்தில் ஏரிக்கரையில் வேடிக்கை பார்த்துப் பொழுதைக் கழிக்கிறார். அவருடைய அலட்சியத்தால் ஒரு பெண்ணின் எதிர்காலம் பாழாகிவிட்டது.' பெயர் போடவில்லை. கண்காணிப்பாளர் முகவரி எழுதி, உறையின் மூலையில் 'புகார்' என்று போட்டு அடிக்கோடும் இட்டேன். மறுநாள் காலை தெருப் பெட்டியில் போட்டேன். அதை எடுக்கப் போகிறவர் யார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்கரையில் போய்க் காத்திருந்து, பாறையில் உட்கார்ந்திருந்தவரைப் பிடித்தார். சாப்பாட்டு இடைவேளைதான். ஆனால் புகாரில் இருந்ததும் கண்ணில் பட்டதும் ஒத்துப்போய்விட்டன. பணிப் பதிவேட்டில் 'அலட்சியம்' என்று ஏறியது. அவரைச் சுற்றிலிருந்து எடுத்து, கடிதம் பிரிக்கும் அறையில் போட்டார்கள். ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது. ஆறும் அங்கேயே கழிந்தது.

அந்த அறையை நான் பிறகு ஒரு முறை பார்த்தேன். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஊர்ப்பெயர் ஒட்டிய மரத் தட்டுகள். பகலிலும் இரண்டு குழல் விளக்கு, அதில் ஒன்று விட்டுவிட்டு எரியும்.

எனக்குக் கொஞ்ச நாளில் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், தன் மகனுக்குப் பெண் கேட்டு. "தபால்காரர் வெறுங்கையோட வந்திருக்காரே!" என்று அப்பா கிண்டலடித்தார். "உங்க பொண்ணு எழுத்தை ரெண்டு வருஷம் சுமந்திருக்கேன். இப்ப எழுதினவளையே கேட்டு வந்திருக்கேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே நின்று கேட்ட எனக்கும் அது பாராட்டாகத்தான் பட்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெட்டி அடுக்கும்போது அந்தப் பழுப்பு உறை கையில் அகப்பட்டது. அன்றுதான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எங்கள் தபால் நிலையத்தின் முத்திரை இருந்தது. நான் கத்திய அதே நாள், மாலைத் தபால். நூலகத்துக்காரர்கள் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள். அவர் மறுநாள் கொடுத்திருக்கலாம். நான் காத்திருப்பது தெரிந்ததால், வேலை முடிந்த பிறகு மறுபடியும் மேடேறி வந்திருக்கிறார்.

அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வீட்டுக்குள் காலடி வைத்தேன்.

நான் போன புதிதில் ஒரு மாலை மாமா வேலையிலிருந்து வந்து, ஈரமாகக் கிடந்த முற்றத்தைப் பார்த்துவிட்டு அத்தையிடம், "இன்னைக்கு மழை பெஞ்சுதா?" என்று கேட்டார். மதியம் முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தது. அரை மணி முன்னாடியே மழை வாசனை பிடிக்கிற மனிதர் என்று ஊரே சொல்லும். அத்தை துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து என்னிடம் கொட்டினார்: "எந்தப் பாவி எழுதிப் போட்டானோ, அவன் கை விளங்காமப் போகட்டும்." நான் பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

அத்தையின் திட்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். மாமா, "விடு. அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்பார். "ஆமா, நீங்க வக்காலத்து வாங்குங்க!" என்று அத்தை எகிறுவார். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற மறுநாளே மாமா வெளியே கிளம்பிவிட்டார். அடுத்த இருபது வருடம் அவரை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியவில்லை. ஏரியில் எழுபது வயது வரை நீந்தினார். மொட்டை மாடியில்தான் படுப்பார். சட்டையெல்லாம் முள் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார். "நாலு சுவரும் கடிக்காது, உள்ள வாங்க" என்பார் அத்தை. "கடிக்கும்டி, உனக்குத் தெரியாது" என்பார் மாமா. அத்தை சிரிப்பார். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

ஒரு தடவை சொல்லிவிடத் துணிந்தேன். ஏரிக்கரையில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம். அந்தக் காலத்துல நான்..." என்று ஆரம்பித்தேன். "அந்தா பாரும்மா, அந்தா!" என்று தண்ணீர்ப் பக்கம் கை நீட்டினார். நான் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. "பறந்துடுச்சு" என்றார். பேச்சு அதோடு நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது மிகவும் கூசுகிறது.

போன மாதம், எழுபத்தொன்பதாவது வயதில், மாமா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர். கடிதங்களில் தேதி முத்திரை குத்துகிற வேலை பார்த்தவர், அதனால் பெயரே 'முத்திரை' என்றாகிவிட்டது. அத்தை உள்ளே போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்.

"அந்த மொட்டைக் கடுதாசி இருக்கே, அதைப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்ததே வெயில்தான். தனியா எடுத்து வச்சு, உறையையே பார்த்துக்கிட்டு நின்னான். மூலையில புகார்னு எழுதி அடிக்கோடு வேற. 'யாருடா?'ன்னேன். 'தெரிஞ்ச கையெழுத்துதான்'ன்னான். 'உன்மேலதான் இருக்கும், கிழிச்சுப் போடு, ஒரு பய கேக்க மாட்டான்'ன்னேன். 'பெட்டியில விழுந்துட்டா அது போய்ச் சேரணும், குத்துடா'ன்னு என் முன்னாடி வச்சான். நான்தாம்மா குத்தினேன். யாருன்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல."

அவருக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். அடுப்படிக்குப் போன பிறகு எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டது.

இதுவரை எழுதியதை இன்று மதியம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"ஒரு தடவை உங்கிட்டயே கேட்டேனே, யாரா இருக்கும்னு" என்றார்.

"ஆமா அத்தை."

"என்ன சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"அவரு அப்ப எங்க இருந்தாரு?"

"பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

அத்தை மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க. அவராவது போய்ச் சேர்ந்துட்டாரு. அவரை இனிமே நான் எங்க போய்க் கேக்கறது?"

அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அத்தை முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு எடுக்கணும்? அவரோட பிரிவுபசாரத்துல அந்த ஆபீசரு கூட ரிடையரான எல்லாரையும் உழைப்பாளின்னாரு. இவரை மட்டும் 'இயற்கைப் பிரியர்'னு சொன்னாரு. கூட்டமே சிரிச்சுது. இவரும் சேர்ந்து சிரிச்சாரு. அந்த ஆளுங்க எல்லாம்தானே வரப்போறாங்க? ஒண்ணு விடாம எழுது. மேடையில நீயே வாசி. உனக்காக வேற யாரும் வாசிக்க வேண்டாம்."

ஆகவே எழுதுகிறேன். என் மாமனார் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தையும் தாமதப்படுத்தவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் 'அலட்சியம்' என்ற சொல் பொய். அந்தப் பொய்யை எழுதியவள் நான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி அத்தை சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.