செவலையின் முன்னங்கால்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அத்தை. அவளை ஏற்றிவிட்டவர் அப்பா. அப்பாவுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது ஒரு காளை மாடு.

பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வரவேண்டிய ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு வானம் பார்த்த நிலம் கொஞ்சம். மழை ஏமாற்றுகிற வருடங்களில் ஊராருக்கு லோடு வண்டி ஓட்டுவார். எது இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை இருக்கும். அதற்கு வயிறு உப்பினாலும் மூக்கு ஒழுகினாலும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் டாக்டர் வேறொரு ஊர் மாட்டைப் பார்க்கப் போயிருப்பார். அப்படி ஒருமுறை காத்திருந்த நேரத்தில் ஒரு காளை அப்பாவின் கண் முன்னாலேயே செத்துப்போயிற்றாம். அன்றிலிருந்து வீட்டிலேயே ஒரு டாக்டர் வேண்டும் என்பது அவர் எண்ணம். மனிதருக்கான டாக்டரைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

அத்தை அப்பாவுக்குப் பதினைந்து வயது இளையவள். பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது, நர்சிங் சேர்க்கலாம் என்று சிலரும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, கால்நடை மருத்துவத்துக்குத்தான் என்று நின்றுவிட்டார். பொம்பளைப் பிள்ளை மாட்டுக்குப் பின்னால் நிற்பதா என்று கேட்ட பெரியப்பாவிடம், இந்த ஊரில் விடிந்ததிலிருந்து சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் யார், ஆம்பளைகளா என்று திருப்பிக் கேட்டாராம். பெரியப்பா வீட்டில் ஏழு மாடுகள். அவர் ஒன்றையும் தொட்டதில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

இடம் சுலபத்தில் கிடைக்கவில்லை. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டார்கள். முதல் சுற்றுக் கவுன்சலிங் அத்தையின் எண்ணுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு எம்பிபிஎஸ் கிடைத்த யாரோ விட்டுப்போன இடம் இரண்டாம் சுற்றில் அவளுக்கு வந்தது. ஆணையைக் கையில் வாங்கியதும், ஜல்லிக்கட்டு மாட்டுக்குத் தனிப் பாடம் உண்டா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் அப்பா விசாரித்தார். அத்தை அவர் முழங்கையைக் கிள்ளியது தழும்பாகவே இருந்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு ஐந்து வயது. இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. எனக்கே நன்றாக நினைவிருப்பது, அத்தை விடுமுறைக்கு வரும்போது தலையணை அளவுப் புத்தகங்களோடு வருவதும், அதில் படித்ததை என்னிடம் ஒப்பிப்பதும்தான். கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக என்னை உட்கார வைத்துக்கொள்வாள். மாடு நடப்பது நம் நடுவிரல், மோதிர விரல் மாதிரி இரண்டே விரல்களில்தான், அந்த விரல்களின் நகம்தான் குளம்பு என்று என் கையைப் பிடித்துக் காட்டுவாள். நான் இரண்டு விரலைத் தரையில் ஊன்றி நடத்திப் பார்ப்பேன். இப்போது அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்றால், பாதிப் பாடம் அப்படி வந்ததுதான்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அத்தைக்குக் கடைசி வருடம். அந்த வருடம் முழுக்க வகுப்பு கிடையாது. டாக்டர்களோடு கூடவே இருந்து பழகுகிற பயிற்சி. அவளுக்கு எங்கள் மாவட்டத்திலேயே சில வாரம் போட்டிருந்தார்கள். பொங்கல் முடிந்து ஜல்லிக்கட்டுகள் நடந்துகொண்டிருந்த சமயம். பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டில் மாடுகளைப் பரிசோதிக்கிற குழுவில் அத்தையும் இருந்தாள். எங்கள் காளை செவலைக்கும் அங்கே டோக்கன் கிடைத்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் டோக்கன் கிடைக்கவில்லை. அதற்கும் முந்தைய வருடம் செவலைக்குக் காய்ச்சல். இந்தத் தடவை டோக்கனும் இருக்கிறது, மாடும் தெம்பாக இருக்கிறது, பரிசோதிக்கிற இடத்தில் தங்கச்சியும் இருக்கிறாள் என்று அப்பா டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. அத்தை மட்டும் போனில், நம்ம மாட்டை நான் பார்க்க மாட்டேன், டாக்டர்தான் பார்ப்பார் என்று சொல்லிவிட்டாள். அதை அப்பா டீக்கடையில் சொல்லவில்லை.

ஜல்லிக்கட்டுக்கு மூன்று நாள் முன்பு, கண்மாயில் நீந்தவிட்டுத் திரும்பும்போது செவலையின் வலது முன்னங்காலில் குளம்பிடுக்கில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. அப்பா குறடால் பிடித்து இழுத்தார். வந்த முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முழுசா வந்துருச்சு என்றார். நானும் பார்த்தேன். அதன் நுனி கூர்மையாக இல்லை, முறிந்திருந்தது. அப்பா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினார். மறுநாள் மண்தரையில் செவலை ஒழுங்காக நடந்தது. சல்லி கொட்டிய பாதைக்கு வந்ததும் அந்தக் காலை ஒரு கணம் தூக்கிப் பிடித்து, பிறகு மெதுவாக வைத்தது. அப்பா உடனே அதைப் புல்வரப்புக்குத் திருப்பிவிட்டார். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஊர் இளவட்டங்கள் எல்லாரும் செவலை பெயர் போட்ட பனியன் அடித்து வைத்திருந்தார்கள். நம்பாமல் இருப்பது அவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். “அத்தைட்ட காலப் பத்தி மூச்சு விட்றாத, என்ன?” என்றார்.

மாட்டேன் என்றேன். அப்பா என்னிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் செவலையை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் பக்கத்தில் நின்று தாடையைச் சொறிந்தால் அது அடங்கி நிற்கும் என்பதால் என்னையும் அழைத்துப்போனார். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வரிசை முன்னே நகர்ந்து, பந்தலுக்குக் கீழே நிற்கிற டாக்டர்களிடம் போய் முடியும். அங்கே தேறினால்தான் வாடிவாசல் பக்கம் போக முடியும்.

பந்தலில் அத்தை வெள்ளைக் கோட்டோடு நின்றாள். முகம் வேறு மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட பெரிய டாக்டரிடம் ஏதோ சொன்னாள். அவர், ஒங்க வீட்டு மாடா, அப்ப நான் பாத்துக்கிறேன், நீங்க அங்கிட்டு நில்லுங்கம்மா என்றார். அவள் ஒதுங்கி நின்றாள்.

டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். வாயை முகர்ந்தார். கொம்பைத் தொட்டார். காய்ச்சல் பார்த்தார். கால்களைக் குனிந்து பார்த்து, நடத்தச் சொன்னார். அப்பா கயிற்றைப் பிடித்து நடத்தினார். வயலின் பொடிமண்ணில் செவலை கோயில் தேர் மாதிரி நடந்து வந்தது. டாக்டர் சரி என்று தலையசைத்து, எழுத அட்டையை எடுத்தார்.

அப்போது அத்தை வந்தாள். என் பக்கத்தில் நின்று செவலையின் கழுத்தைத் தடவினாள். குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

“செவல நேத்து நல்லாப் படுத்துச்சா ஆத்தா?”

நான் தயாராக இருந்தேன். அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.

“நல்லாப் படுத்துச்சு அத்தை. நல்லாத் தின்னுச்சு. காலும் நல்லாத்தான் இருக்கு.”

அத்தை என் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். “சார், எழுதாதீங்க. தார் ரோட்டுல ஒரு தடவ நடக்கவிட்டுப் பாத்துருவோம்.”

டாக்டர் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அட்டையைக் கீழே வைத்தார். அப்பா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ரோடு இருபது அடி தள்ளித்தான் இருந்தது. அந்த இருபது அடிக்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

தாரில் நான்காவது அடியில் செவலை வலது முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தது. அத்தை குனிந்து குளம்பிடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். செவலை மூச்சுச் சீறப் பின்வாங்கியது. பெரிய டாக்டரும் வந்து அழுத்திப் பார்த்தார். எங்கள் எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டார். இந்த வருசம் வேணாங்க, வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க என்றார் மரியாதையாகவே.

பனியன் போட்டிருந்த இளவட்டங்கள் சத்தம் போட்டார்கள். சொந்த வீட்டு மாட்டையே மறிக்கிற டாக்டரை எங்கேயும் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அப்பா அவர்களை அடக்கவும் இல்லை, அவர்களோடு சேரவும் இல்லை. அத்தையிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

“இதுக்குத்தான் ஒன்னயப் படிக்க வச்சேனா?”

அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. “ஆமாண்ணே” என்றாள்.

அடுத்த மாட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் என்ன ஆச்சு என்று கையைக் காட்டிக் கேட்டபோதும் அப்பா ரோட்டையே பார்த்து வண்டியை ஓட்டினார். வீட்டில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றவள், வண்டி அவ்வளவு சீக்கிரம் திரும்பியதைப் பார்த்தே தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். எனக்கு அத்தை மேல் ஆத்திரமாக வந்தது. நான் அவ்வளவு திறமையாகச் சமாளித்த பிறகும், வேண்டுமென்றே ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாளே என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மேல் பெரிய டாக்டரின் வண்டியில் அவரோடு அத்தையும் வந்து இறங்கினாள். கோட்டைக் கழற்றியிருந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேரே தொட்டியில் கை கழுவிக்கொண்டு மருந்துப் பையோடு மாட்டிடம் போனாள். டாக்டர் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீங்களே பாருங்கம்மா என்று விட்டுவிட்டார்.

அப்பா எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். காலை மடக்கிக் கட்டுத்தறியோடு சேர்த்துக் கட்டினார். அத்தையிடம் பேசவில்லை. செவலையிடம் பேசினார். “அசையாம நில்றா. டாக்டரம்மா வந்துருக்காக.”

அத்தையும் செவலையிடம்தான் சொன்னாள். “வலிச்ச அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்ல.”

மரத்துப்போக ஊசி போட்டாள். கொஞ்சம் காத்திருந்து குளம்பிடுக்கில் கத்தியை வைத்தாள். சீழ் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இடுக்கியில் அரைத் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு முள்துண்டு இருந்தது. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடியிருந்தா?” என்று கேட்டார். அன்று காலைக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகக் கேட்டது அதுதான்.

“வாசல விட்டு வெளிய வந்ததும் கால் மடங்கியிருக்கும்ணே. ஆளுக மேல விழுந்துருக்கும். இல்லாட்டி காலு போயிருக்கும்.”

டாக்டர் எழுந்துவந்து புண்ணைப் பார்த்துவிட்டு, மருந்தை எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அத்தை கட்டுப் போட உட்கார்ந்தாள். அப்பா காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அப்பா மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும் என்று பட்டது.

அப்பாவின் தோளைத் தொட்டு, அத்தைக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். “அப்பா, சத்தியமா நான் காலப் பத்தி மூச்சே விடலப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை கட்டுத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். அப்பாவின் தோளும் குலுங்க ஆரம்பித்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அத்தை என்னிடம் கேட்டது செவலை படுத்ததா என்று மட்டும்தான், காலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. அன்றைக்கு, செவலைக்குச் சரியாகிவிடும் என்ற சந்தோஷத்தில்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.