நூலகக் கண்ணாடியில் உப்பு

மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். இளையவன் கபடியில் கோப்பை வாங்கினான். பேத்தி செல்விக்குப் பாண்டிச்சேரியில் ஒரு காலேஜ் நூலகத்தில் வேலை. நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டிப் போடுவதும் அவள்தான்.

இன்று அந்த நூலகத்துக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்த்த ஜன்னலில், நீலக் கண்ணாடி மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அதைச் சுரண்ட ஒருவர் பிளேடோடு வந்து நின்றார்.

"பழைய பெயிண்ட்டு ஆயா" என்றார்.

நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயோ ஆயா, நக்காத! எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் செல்வி.

"பெயிண்ட்டு இல்லப்பா, உப்பு. மரக்காணம் உப்பளத்துல முப்பது வருஷம் வாரினவ சொல்றேன். பிளேடு போட்டா உப்போட ஒட்டின மணலே கண்ணாடியக் கீறிடும். ஈரத்துணி வை, தானா கரையும்."

செல்விக்கு மேலே இருக்கிற நூலகர் அம்மா பிளேடை வாங்கி வைத்துக்கொண்டு துணியை நனைத்துக் கொடுத்தார். துணி பட்ட இடமெல்லாம் நீலம் பளிச்சென்று வந்தது. ஒரு கீறல் இல்லை.

ஐந்தாவதோடு நின்றவளுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கீழே எழுதலாம்.

செல்வி, நீ இங்கே போட்டிருப்பது திட்டோடு இருக்கிற பழைய போட்டோ. புதுசு எடுத்துப் போடு. ஜன்னல் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.