அவர் பங்கு மாத்திரை

ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறவள் நான். அந்த மாதம் முழுக்க நின்றுகொண்டே ஆம்பூர் போனேன். பக்கத்தில் உட்காருகிறவளுக்கு வாடை தெரிந்துவிடுமே என்ற பயம்.

வெள்ளைப்படுதல் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. எனக்கு மஞ்சளாக, அரிப்போடும் நாற்றத்தோடும் வந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோருமாகக் குடித்தேன். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்காகக் காத்திருந்த நேரம் அது.

கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தினமும் அந்த வாடையோடுதான் வருவார், ஒருநாளும் நான் மூக்கைச் சுளித்ததில்லை. அவரோ ஒரே வாரத்தில் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சுகாதார நிலையத்தில் பரிசோதனை மேசை மேல் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நர்ஸம்மா கேள்வி மட்டும் கேட்டு, எனக்கும் கணவருக்குமாக இரண்டு பொட்டலம் கொடுத்தார். "ரெண்டு பேரும் போட்டாதாம்மா போவும். இல்லன்னா திரும்ப ஒட்டிக்கும்."

கணவரிடம் நீட்டினேன். "எனக்கு இன்னா கேடு? உன் சீக்குக்கு நான் மாத்திர முழுங்கணுமா?" என்றார்.

வீணாக்குவானேன் என்று அவர் பங்கையும் நானே விழுங்கினேன். இரண்டு பங்கு போட்டால் சீக்கிரம் குணமாகுமாம், அப்படியொரு புத்திசாலி நான். வாயெல்லாம் கசந்து, கம்பெனியில் தையல் மெஷின் பக்கத்திலேயே வாந்தியெடுத்தேன்.

கொஞ்ச நாள் நின்றது. பாய் பக்கத்தில் வந்தது. நோயும் வந்தது.

மறுபடி போனபோது நர்ஸம்மா கேட்டார். "வூட்டுக்காரரு போட்டாராம்மா?"

"போட்டாரு மேடம்."

கணவர் மானத்தைக் காப்பாற்றினேனாம். மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்று நினைத்து நர்ஸம்மா மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது முறையும் அதே கேள்வி, அதே பொய்.

அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்த பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே கருவி வைத்துப் பரிசோதித்த டாக்டரிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அவர் என் கணவரைக் கூப்பிட்டு, தன் கண்ணெதிரே மாத்திரையைப் போடச் சொன்னார். மறுபேச்சில்லாமல் விழுங்கிவிட்டு, "கசக்குது" என்றார் கணவர்.

நோய் போய்விட்டது. குழந்தைதான் வரவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில், கருக்குழாய் (சினைமுட்டை கருப்பைக்கு வரும் வழி) நோய் பரவியதில் இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது வாடை இல்லை, ஜன்னலோரம் உட்காருகிறேன். முன்பெல்லாம் மாதம் பிறந்தால் நாள் தள்ளிப்போகாதா என்று காத்திருப்பேன். இப்போது மாதவிலக்கு தேதி தவறாமல் வருகிறது. அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "போடல மேடம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டே வார்த்தை. எனக்கு அதைச் சொல்ல ஒரு வருடம் ஆனது.