பதினைந்து நிமிஷப் பாடு

சஃபியா டீச்சருக்கு விசில் ஊதத் தெரியும், அதட்டத் தெரியும், வாலிபால் கம்பத்தை ஒற்றை ஆளாக நடத் தெரியும். "மனசு எப்படி இருக்கு?" என்று ஒரு பிள்ளையைக் கேட்க மட்டும் பத்தொன்பது வருஷ சர்வீஸில் தெரிந்ததில்லை. கேள் என்று யாரும் சொன்னதும் இல்லை.

பழவேற்காடு டவுனில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். "பொம்பளப் புள்ள மைதானத்துல ஓடுறதா?" என்று சொந்தபந்தம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, அவருடைய தகப்பனார் கலந்தர், "ஓடட்டும், எங்க போய்டப் போறா, திரும்பி வந்துருவா" என்றார். அவர் சொன்னபடியே மகள் திரும்பித்தான் வந்தாள், ஏரிக்கரை அரசுப் பள்ளியின் பி.டி. டீச்சராக. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், டவுன், ஏரியோரத்து இருளர் குடிசைகள் என நாலா பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி அது. மழைக்காலத்தில் மைதானத்துக்குள் ஏரி வந்துவிடும். மற்ற நாட்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

போன வருஷம் மாணவர் உடல்நலம், மனநலம் என்று பொன்னேரியில் ஒரு பயிற்சி. தலைமையாசிரியர் பூபதி சார் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் வேலை கம்மி, போய்ட்டு வாங்க" என்று டீச்சரை அனுப்பினார். டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே போய், கோபத்திலேயே முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் ஆரம்பமானது. முதல் வாரம் மூச்சுப் பயிற்சி. "கண்ணை மூடு, வாயை மூடு, மூச்சை உள்ள இழுத்துப் பிடி" என்றார். குப்பத்துப் பையன்கள் யார் அதிக நேரம் பிடிப்பது என்று பந்தயம் வைத்தார்கள். இருளர் குடிசையிலிருந்து வரும் தேவி மட்டும் பாதியில் எழுந்து வெளியே ஓடினாள். பாத்ரூமுக்காக இருக்கும் என்று டீச்சர் விட்டுவிட்டார்.

அடுத்து, மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி. ஒரு மாதத்தில் விழுந்தவை இரண்டு மிட்டாய்த் தாளும், "நாளைக்கு லீவா?" என்ற ஒரு சீட்டும். நேரில் வந்து பேசிய ஒரே பெண்ணுக்குத் திங்கட்கிழமைக்குள் 'மெண்டல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வருவார்கள்?

யோசனை வந்தது கோட்டைக்குப்பத்தில் மீன் வாங்கும்போது. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டலாம் என்று முறை போட்டுக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வந்தால் போவார்கள், இல்லாவிட்டால் கரையில் இருப்பார்கள். ஏன் போகிறாய் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். டீச்சருக்கு மண்டையில் பல்பு எரிந்தது. பேசுவதற்கும் பாடு வைத்தால்?

மறுநாள் வகுப்பில் சொன்னார். "தினம் மத்தியானம் ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஒருத்தருக்கு ஒரு பாடு. பதினஞ்சு நிமிஷம். பேசலாம், பேசாம சும்மாவும் உக்காந்திருக்கலாம். உங்க ஏரில எப்படிப் போடுவீங்களோ, அப்படியே நீங்களே போடுங்க."

கிளாஸ் லீடர் வினோத் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன். அவன் அப்பாதான் அங்கே பாடுச் சீட்டு எடுப்பவர்களில் ஒருவர். அவன் முறைப்படி சீட்டுக் குலுக்கி, பெயர்களை அழகாக எழுதி, வகுப்புக் கதவில் ஒட்டினான். டீச்சர் தட்டிக்கொடுத்தார்.

திட்டம் நன்றாகவே ஓடியது. "டேய், இன்னிக்கு உன் பாடு, போடா" என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். ஒருவன் பதினைந்து நிமிஷமும் தன் பூனையைப் பற்றியே பேசினான். டவுன் பெண் ரிஃபா வந்து உட்கார்ந்ததுமே அழுதாள், அழுது முடித்து, "தேங்க்ஸ் மிஸ்" என்று போய்விட்டாள். கிண்டல் நின்றுபோயிற்று. பூபதி சார்கூட, பெரிய அதிகாரி யாராவது வந்தால் காட்டலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே கவலை தேவி. நானூறு மீட்டரில் மாவட்டப் போட்டிக்கு டீச்சர் அவளைத்தான் நம்பியிருந்தார். அவள் இப்போதெல்லாம் பாதி ஓட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள், வாயைத் திறந்து காற்றைக் கடிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெஞ்சில் ஒன்றுமில்லை, ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். என்ன என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். வற்புறுத்தக் கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். அவள் பாடு வரும்போது சொல்லுவாள் என்று டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார்.

இரண்டு மாதம் ஓடியது. முதல் சுற்று முடிந்து இரண்டாவது சுற்றும் தொடங்கிவிட்டது. தேவி வரவில்லை. அவள் முறையன்று லீவு போட்டிருப்பாள் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு அவள் பள்ளிக்கே ஒரு வாரம் வராமல் போனபோதுதான் கதவில் ஒட்டிய பட்டியலை விரல் வைத்து எண்ணினார். வகுப்பில் முப்பத்தேழு பேர், பட்டியலில் முப்பத்துநான்கு.

"வினோத், தேவி பேர் எங்கடா?"

"அவங்களுக்குப் பாடு இல்லியே டீச்சர்." வினோத் கள்ளமில்லாமல்தான் சொன்னான். "ஏரில அவங்களுக்குக் கெடயாது. கையால எறா புடிக்கிறவங்க. நீங்கதான ஏரில மாதிரியே போடச் சொன்னீங்க?"

"டவுன் பசங்களுக்கும்தான் ஏரில பாடு இல்ல. ரிஃபா பேர் இருக்கே?"

வினோத் கொஞ்சம் யோசித்தான். "டவுன் பசங்க எங்க பேர் எங்கடான்னு சண்டைக்கு வந்தாங்க, எழுதிட்டேன். தேவியும் அந்தக் குடிசைப் பசங்க ரெண்டு பேரும் கேக்கல டீச்சர்."

பையனைத் திட்ட டீச்சருக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதைச் செய்தவன். அந்தப் பட்டியலை இரண்டு மாதமாகத் தினம் பார்த்துப் பெருமைப்பட்டவர் யார்? பிள்ளைகள் மனதைப் படிக்கப் போனவருக்கு முப்பத்தேழு வரை எண்ணத் தெரியவில்லை. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டியை ஏரியோரத்துக்கு விட்டார். தேவியின் அம்மா முனியம்மாள் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியின் கயிறு அவள் பல்லுக்கிடையில் இருந்தது. தேவி கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முனியம்மாள் கரையேறி, பறியை இறக்கி வைத்தாள். "நாலஞ்சு மாசமா தண்ணில எறங்கமாட்டேன்றா டீச்சர். இன்னான்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேன்றா. இப்ப இஸ்கூலும் வேணாமாம். ஒண்ணு தண்ணி, இல்ல இஸ்கூலு. ரெண்டும் இல்லன்னா நான் இவள இன்னா பண்றது?"

டீச்சர் தேவியின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். "உன் பேர் லிஸ்ட்ல இல்லாததை நான் பாக்கல தேவி. தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ."

தேவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்களுக்கு இருக்காதுன்னு தெரியும் மிஸ். அதான் கேக்கல."

"இனிமே இருக்கு. செவ்வாய்க்கிழமை உன்னுது. வந்தாலும் வராட்டியும் அது உன்னுதுதான், வேற யாருக்கும் தரமாட்டேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கு வந்து வினோத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டைப் பார்த்து, முப்பத்தேழு பெயரையும் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அடித்ததும் டீச்சர் ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்து வைத்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஆசையோடு எட்டிப் பார்த்தால் பூபதி சார்.

"டீச்சர், ஆபீசர் வந்திருக்கார். உங்க பாடு திட்டத்தைப் பத்திக் கேக்கணுமாம். உடனே வாங்க."

அவருக்குப் பின்னால், ஓடிவந்த மூச்சிரைப்போடு தேவி நின்றுகொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் அவள் கால் ஓரடி பின்னால் போனது. போய்விடுவாள் என்று டீச்சர் நினைத்தார். வாயைத் திறந்து, "சார், கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அதற்குள் தேவி முந்திக்கொண்டாள்.

"சார், இன்னிக்கு என் பாடு," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பதினஞ்சு நிமிஷம். முடிஞ்சப்புறம் மிஸ் வருவாங்க."

பூபதி சார் அவளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா. ஆபீசருக்கு ஒரு டீ சொல்றேன்" என்று திரும்பி நடந்தார்.

தேவி உள்ளே வந்து சுருட்டி வைத்த பாயின் மேல் உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மடியில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் தண்ணில இருக்கறப்ப மோட்டார் போட் ஒண்ணு பக்கத்துல போச்சு மிஸ்," என்றாள் கடைசியில். "அலை தலைக்கு மேல வந்துச்சு. கை ரெண்டும் சேத்துல மாட்டிக்கிச்சு. பறி பல்லுல இருந்துச்சு. எறா நெறைய இருந்துச்சு மிஸ், அம்மா பாவம்னு, கயித்த விடக் கூடாதுன்னு வாயத் தொறக்கவே இல்ல."