வளையல் மாட்டிய கை

டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி மதுமதியைத் தெரியாதவர் கிடையாது. சமைக்கத் தெரியாது, சமைக்கிற வீடியோ போடத் தெரியும். பெரிய பெரிய ஓவியங்களைத் தட்டில் இறக்குவதுதான் அவள் வித்தை. வான்கோவின் சூரியகாந்தி எலுமிச்சை சாதத்தில் பூக்கும். டாலியின் உருகும் கடிகாரம் தோசையாகித் தட்டு விளிம்பில் தொங்கும். மிளகுதான் எண்கள், கறிவேப்பிலைக் காம்புதான் முட்கள்.

பூக்க வைத்ததும் தொங்க விட்டதும் சமையல்காரி பாப்பம்மாள்.

விழுப்புரத்துப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு டெல்லிக்கு வந்து, அவன் போய்ச் சேர்ந்த பிறகும் பக்கத்துத் திரிலோக்புரியிலேயே நின்றுவிட்டவள். போனில் படத்தை ஒருமுறை காட்டினால் போதும், மறுநாள் அது தட்டில் இருக்கும்.

வீடியோவில் கை மட்டும்தான் தெரியும். எடுப்பதற்கு முன் மதுமதி தன் நாலு தங்க வளையலையும் கழற்றிப் பாப்பம்மாளுக்கு மாட்டுவாள். மேலே கொஞ்சம் பவுடரும் பூசுவாள். எடுத்து முடிந்ததும் முதலில் இறங்குவது தோசையல்ல, வளையல்.

பாப்பம்மாளின் காலேஜ் படிக்கும் மகள் சிந்து ஒருநாள் போனை நீட்டினாள். "எம்மா, இது உன் கைதான? கட்டைவிரல்ல குக்கர் சுட்ட தழும்பு இருக்குதே! கீழ பாரு, 'மதுமதி மேடம், உங்க கைக்கு ஒரு முத்தம்'னு எழுதி வச்சிருக்கான்."

"எவன் அவன்?" என்றாள் பாப்பம்மாள்.

மறுநாளே கேட்டுவிட்டாள். "அம்மா, ஒரு ஓரமா என் பேரையும் போடுங்களேன்."

மதுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் பேரப் போட்டா ஒரு லைக் கூட வராது. போ, மொதல்ல பாத்திரத்தத் தேய்."

அந்தச் சிரிப்பைப் பாப்பம்மாள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வெற்றிலை மாதிரி மூன்று மாதம் கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்தாள்.

குடியிருப்பின் பொங்கல் விழாவில் மதுமதி மேடையிலேயே கடிகாரத் தோசை வார்ப்பார் என்று சொசைட்டி செயலாளர் விஸ்வநாதன் நோட்டீஸ் ஒட்டினார். மாட்டேன் என்று சொல்ல மதுமதிக்குக் கௌரவம் விடவில்லை. பத்து நாள் பழகினாள். பாப்பம்மாளும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். தோசை சுமாராக வரவும் செய்தது.

விழா அன்று காலை, ஜனவரிக் குளிரிலும் கம்பளிக்குள் மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. அதைப் பாப்பம்மாள் தொடவில்லை. சப்பாத்திக்குத் தனித் தவா இருந்தும், பழகிய தோசைக்கல்லை எடுத்து அதில் பன்னிரண்டு சப்பாத்தி சுட்டாள். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை ஒட்டிக்கொள்ளும் என்று அடுப்படியில் நின்ற எவளுக்கும் தெரியும். மதுமதி நின்றதில்லையே! கல்லைத் துடைத்து மேடைக்கு அனுப்பிவிட்டு, பாதி வெங்காயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதல் தோசை கிழிந்தது. இரண்டாவது பிய்ந்தது. மூன்றாவது கல்லை விட்டு வரவே இல்லை.

"மேடம், இது கடிகாரமா, கரித்துணியா?" என்றது முன்வரிசை.

எதிரே மைக் இருப்பதையே மறந்து மதுமதி கத்தினாள். "பாப்பம்மா! ஜல்தி வா!"

அவள் ஆடி அசைந்து வந்தாள். கல்லைச் சுரண்டி, வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து அழுத்தித் தேய்த்தாள். மாவை ஊற்றி ஒரே சுழற்று. தோசை காகிதமாய் எழும்பி, தட்டு விளிம்பில் உருகித் தொங்கியது.

"அந்தத் தழும்பப் பாருங்க!" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். "வீடியோல வர்ற கை இவங்களோடதா?"

மதுமதி மைக்கைப் பொத்தப் பார்த்தாள். அதற்குள் பாப்பம்மாள் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டிவிட்டாள்.

"வளையல மாட்டுங்கம்மா. மாட்டலன்னா இது என் கையாயிடுதே!"

கூடத்தில் கிளம்பிய சிரிப்பு கேட் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டதாம். மதுமதி கண்ணெல்லாம் தன் கை வளையலில்தான் இருந்தது. விஸ்வநாதன், தயாராக வைத்திருந்த சான்றிதழில் இருந்த பெயரை அடித்துவிட்டுப் பேனாவோடு திரும்பினார்.

"உங்க பேரு என்னம்மா?"

"பாப்பம்மாள். ஓரமா வேணாம் சார், நடுவுல எழுதுங்க."