கொக்கி மேடம் லிஃப்டில் ஏறுவதில்லை

"அண்ணே, இப்ப நீங்கதான் எம்.டி. சரியா?"

ஏழாவது மாடிக்குப் படியேறும் முன் மேடம் இப்படிக் கேட்டதும், வாசல் காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பதவி ஏற்றுக்கொள்வார். குரல்கூடக் கனத்துவிடும். மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்துச் சொல்வார். அன்றும் அப்படித்தான்.

"பராமரிப்புச் செலவ கால்வாசி குறைச்சுட்டா உங்களுக்குக் கம்பெனில பங்கு. ஒரு நல்ல வீடே வாங்கலாம். என்ன பண்ணுவீங்க?"

"இதென்ன பெரிய விஷயம்? லிஃப்ட் கயிறு எதையும் மாத்தாம விட்டுடுவேன்."

"அறுந்துபோச்சுன்னா?"

"உடனே எங்க அறும்? ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அதுக்குள்ள நான் பங்க வித்துக் காசாக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிருப்பேன்ல!"

காவலர் விழுந்து விழுந்து சிரித்தார். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அது நிஜமான எம்.டி.க்காக அவர் எழுதிக்கொண்டிருந்த சம்பளத் திட்டம்.

லிஃப்ட் செய்து, மாட்டி, பராமரிக்கிற கம்பெனி அது. மேலிடத்து ஆட்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எதற்கு, பங்குகள் எப்போது கைக்கு வரும் என்றெல்லாம் வகுத்து எழுதுவது மேடத்தின் வேலை. எழுதி முடித்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, திருடியாக மாறி ஒருமுறை படிப்பார். "இதுல கொக்கி எங்க இருக்கு? எங்க பிடிச்சு ஏமாத்தலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே கொக்கி மேடம் ஆகிப்போனார். 'முயற்சி' என்ற சொல் அவருடைய திட்டத்தில் நுழையவே முடியாது. "முயற்சிய எந்தத் தராசுல நிறுக்குறது?" என்பார்.

சலவைக்கடை வைத்திருக்கும் கணவருக்குப் பெருமை தாங்காது. துணி போட வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா பெரிய பெரிய முதலாளிக்கே சம்பளம் போடுறவங்க" என்று ஆரம்பித்துவிடுவார். "அப்ப அவங்க சம்பளத்த அவங்களே ஏத்திக்க வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்டால்தான் இஸ்திரிப் பெட்டி மறுபடி நகரும். படித்து முடிக்கிற புத்தகத்துக்கு இவ்வளவு என்று மகளுக்கு அவர் ஒருமுறை பரிசு அறிவித்தார். மகள் நூலகத்தில் இருந்த ஒல்லிப் புத்தகங்களாகப் பொறுக்கி ஒரே வாரத்தில் அப்பாவின் பையைக் காலி செய்துவிட்டாள். மேடம் மகளைத் திட்டவில்லை. "என் பொண்ணுடி நீ!" என்று கட்டிக்கொண்டார்.

ஆனால் அவரே ஒருமுறை கொக்கியைக் கோட்டைவிட்டிருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. புகார்கள் குறைந்தால் சர்வீஸ் பிரிவுத் தலைவருக்கு ஊக்கத்தொகை என்று எழுதினார். புகார்கள் மளமளவென்று குறைந்தன, கைதட்டல்கூடக் கிடைத்தது. தலைவர் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். லிஃப்டுக்குள் இருக்கும் உதவி மணியை அமுக்கினால் போனை எடுத்துப் புகாரை எழுதிக்கொள்ள இருந்த ஆட்களைத் தூக்கிவிட்டு, பதிவுசெய்த குரலைப் போட்டுவிட்டார். ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண்மணி நின்றுபோன லிஃப்டுக்குள் மூன்றரை மணி நேரம் இருட்டில் மாட்டிக்கொண்டார். மேடம் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த அம்மா கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பதினாறு தடவ அமுக்கினேம்மா. யாரு எண்ணுனா?"

மறு மாதமே மேடம் சண்டை போட்டு ஆட்களைத் திரும்ப உட்கார வைத்தார். மணி அமுக்கப்படும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் வரும்படி விதியையும் மாற்றினார். ஆனாலும் அன்றிலிருந்து படிதான். "என் எழுத்த நானே நம்பி ஏறுற அன்னைக்கு ஏறுறேன்" என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி வந்தபோதும் ஏறவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்!

காவலர் சிரித்த அன்றே, ஏழாவது மாடியில் உட்கார்ந்து மேடம் புது வரி எழுதினார்: எம்.டி.க்குக் கிடைக்கும் பங்குகளை, அவர் பதவியை விட்டு இறங்கி மூன்று வருடம் ஆகும்வரை விற்க முடியாது. அதற்குள் அவர் காலத்துக் கயிறு அறுந்தால் பங்கும் போச்சு.

எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் போனதுக்கப்புறம் நடக்குறதுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு?"

"நீங்க இருக்கும்போது எடுத்த முடிவுக்குத்தான் சார்."

"புதன்கிழமை சம்பளக் குழு முன்னாடி இந்த வரி வந்துச்சுன்னா, நீங்க வேற வேலை தேடிக்குங்க."

மகளின் கல்லூரிக் கட்டணம் பாதி பாக்கி இருந்தது. வீட்டில் சொன்னார். கணவர் சட்டையை மடித்தபடியே, "கட இருக்கு, கை இருக்கு. நீ வரிய அழிச்சுட்டு வந்தேன்னா கஸ்டமருக்கிட்ட நான் என்னத்தப் பேசுறது?" என்றார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது.

புதன்கிழமை வரி அப்படியே போனது. சம்பளக் குழுவில் மூன்று பேர். எம்.டி. கால்மணி நேரம் பொரிந்து தள்ளினார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், கயிறு நல்லா இருக்கும்னா, மூணு வருஷம் காத்திருக்குறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

குழுத் தலைவி எம்.டி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். மேடத்தின் வேலைக்கு எதுவும் ஆகாது என்று தலைவி குறிப்பிலும் எழுத வைத்தார்.

மேடம் படியிறங்கிக் கீழே வந்தார். காவலரிடம் தாளைக் காட்டினார். "உங்க கொக்கிதாண்ணே!" காவலர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். மேடம் கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நேராக லிஃப்டுக்குப் போனார்.

உள்ளே போனதும் மாடியின் எண்ணைத் தொடவில்லை. உதவி மணியை ஒரு தடவை அமுக்கினார்.

"சொல்லுங்க, எந்தக் கட்டடம்? நான் லைன்லயே இருக்கேன்" என்றது ஒரு மனிதக் குரல்.

கதவு மூடிக்கொண்டு வரும்போது, மேடம் காவலரைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.