கறியை விட்ட ஜெகநாதன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று எட்டுத் தறிக்கு முதலாளி. என் முதல் நெசவாளி ஜெகநாதன், சர்க்கரை வந்ததும் கறியை அறவே விட்டான். ஆனாலும் ஆறே மாதத்தில் சர்க்கரை ஏறிப் பாதம் மரத்து, மிதிகட்டையை மிதிப்பதே அவனுக்குத் தெரியவில்லை. தறிக்குழியில் இறங்குவதும் ஏறுவதுமாகத் தவித்தான்.

“கறியே துன்றதில்ல மொதலாளி, அப்பவும் சக்கர ஏறுதே!”

“சோறு?”

“கறி இல்லாத பேஜாருக்கு நாலு தட்டு துன்றேங்க.”

“அடப்பாவி! பாவு நூலு வெறைக்கப் போடுற கஞ்சிய வயித்துல போட்டுகினு கீறியே!”

டாக்டரும் சோற்றைத்தான் குறைக்கச் சொன்னார். கீரை, பயறு கூட்டி, மீனும் அளவாகத் தின்னலாமாம். அதைச் சொல்ல அவர் எத்தனை வருடம் படித்தாரோ! நான் ஒரே கேள்வியில் கண்டுபிடித்தேன்.

சோற்றைக் குறைத்த பிறகு, இப்போது விடிந்ததும் குழியில் இறங்கி மிதித்துப் பார்க்கிறான். நேற்று கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் தெரிந்ததாம். இன்று மூன்று முறை இறங்கிவிட்டான்.